துப்பாக்கியிலிருந்து உருவிய ஈர்க்கு

மக்களே, உங்கள் மாமாவுக்கு இடது கை மணிக்கட்டோடு முடிந்துபோனது எப்படி என்று நீங்கள் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறீர்கள். மூத்தவன் புலி கடித்தது என்கிறான். நடுவுள்ளவன் பனையிலிருந்து விழுந்ததாகச் சொல்கிறான். இளையவளைப் போன வாரம் பள்ளிக்கூடத்தில் யாரோ "ரெட்டமருந்துக்க மருமவளே" என்று கூப்பிட்டுச் சிரித்திருக்கிறார்கள். அவள் வீட்டுக்கு வந்து, மாமா மடையனா அப்பா என்று என்னிடம் கேட்டாள். மாமா அப்போது முற்றத்தில் விறகைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் கீறிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்திருக்கும். தலையை நிமிர்த்தவில்லை.

அதனால் இதை எழுதுகிறேன். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை படித்தவன். கடிதம் எழுதத் தெரியும், இத்தனை நீளத்துக்கு எழுதிப் பழக்கமில்லை. எழுத்துப் பிழை இருந்தால் மூத்தவன் திருத்திக்கொள்ளட்டும். சேதியை மாற்றக் கூடாது.

மூத்தவன் தொட்டிலில் கிடந்த வருஷம் அது. அப்போது எனக்கு வேட்டை என்றால் உயிர். அதை மறைத்துச் சொன்னால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். கன்னிப்பூ நெல் அறுத்து முடிந்து, ஐப்பசி பிறந்து, துலாமழை பிடிக்கிற காலத்தில் நம்முடைய மலையை நீங்கள் பார்க்கவேண்டும். மதியம் கழிந்தால் இடித்துக்கொண்டு மழை வரும். மறுநாள் விடிந்தால் வானம் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருக்கும். பாறை ஒவ்வொன்றிலும் தண்ணீர் வழியும். மார்பளவு புல்லில் கதிர் வந்து, வெயில் படும்போது மலைச்சரிவு முழுக்க வெள்ளி மாதிரி அசையும். கீழே வயல்களில் தண்ணீர் நிற்பதும், அதற்கப்பால் கடல் ஒரு கோடாகத் தெரிவதும் அந்த ஒரு மாதத்தில்தான். மண் ஈரமாக இருப்பதால் மிளாமானின் குளம்பு அச்சு வெட்டினது போலப் பதிந்திருக்கும். அந்த அச்சைக் குனிந்து பார்க்கும்போது என் நெஞ்சு அடித்துக்கொள்ளும். கள்ளுக் குடிக்கிறவனுக்கு மாலையானால் வருமே, அது மாதிரி.

மிளா அந்த மாதத்தில் மலையிறங்கி வந்து மரச்சீனிக் கிழங்கு நட்ட விளையைப் பிடுங்கிப் போடும். விளை காக்க என் பெயரில் ஒரு துப்பாக்கிக்கு லைசென்ஸ் உண்டு. வாய்வழியாக வெடிமருந்து இட்டு இடிக்கிற பழைய துப்பாக்கி. அதற்கு வேண்டிய மருந்தும், தீப்பொறி தருகிற கேப்பும், ஈயமும் கோட்டாற்றில் ஒரு சாயபு கடையில் வாங்குவோம். துப்பாக்கி ஒன்று, ஆள் இரண்டு. நானும் உங்கள் மாமாவும் மாறி மாறி வெடி வைப்போம். ஒரு வெடி எனக்கு, அடுத்தது அவருக்கு.

மாமா அப்போது பனையேறி. நாற்பது பனை காலையிலும் மாலையிலும் ஏறி இறங்குவார். பனை ஏறுகிறவனுக்கு ஒரு தடவைதான் கை பிசகும் என்று சொல்லுவார். அதனால் எல்லாவற்றிலும் அவருக்கு ஒரு கணக்கு உண்டு. மருந்து அளக்க ஒரு மூங்கில் குழல் செய்து வைத்திருந்தார். அந்தக் குழலுக்கு மேல் ஒரு சிட்டிகை கூட இடமாட்டார். துப்பாக்கியை வெறும் துணியால் துடைத்தால் போதாதென்று எண்ணெய்த் துணியால் துடைப்பார். என்னை விட ஆறு வயது இளையவர், ஆனால் துப்பாக்கி விஷயத்தில் எனக்கு அதிகாரி.

ஈர்க்கு வழக்கம் எல்லா மருந்துத் துப்பாக்கிக்காரர்களுக்கும் உண்டு. துப்பாக்கிக் குழலுக்குள் மருந்தும் குண்டும் இட்டு இடித்தபின், கேப்பு வைக்கிற முனையில் ஒரு சின்னத் துளை இருக்குமே, அதில் தென்னோலை ஈர்க்கு ஒரு துண்டு செருகி வைக்கவேண்டும். ஈரம் உள்ளே போகாது. அதோடு, பார்க்கிறவனுக்கு உள்ளே மருந்து கிடக்கிறது என்று தெரியும். ஈர்க்கு இருந்தால் மருந்து உண்டு. ஈர்க்கு இல்லாவிட்டால் வெறும் துப்பாக்கி. கை மாற்றும்போது வாயாலும் சொல்லவேண்டும். மாமா இதில் ஒரு நாளும் தவறியதில்லை.

அன்றைக்குச் சனிக்கிழமை. ஐந்து பேர் போனோம், ஆறு நாய்கள். நாய்கள் ஒருவருக்கே சொந்தம். அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். வேட்டைக்கு அவர்தான் தலைவர். தடித்த ஆள், நாக்கு அதைவிடத் தடித்தது. யாரையும் விடமாட்டார். மற்ற இரண்டு பேர் கூவிக் காட்டைக் கலைத்து மிருகத்தை வெளியே விரட்டுகிறவர்கள்.

வெயில் ஏறுமுன் எனக்கு முதல் வெடி கிடைத்தது. ஓடைக்கு மேலே ஒரு கிடா மிளா. கொம்பு மூன்று கவர் விட்டு, கழுத்து மயிர் நனைந்து, புல்லுக்குள் இருந்து பாதி உடம்பு தெரிய நின்றது. அவ்வளவு அழகான மிருகத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. நிதானித்துச் சுட்டிருக்கவேண்டும். ஆசையில் அவசரப்பட்டேன். குண்டு வயிற்றில் பாய்ந்தது. அது ஒரு சத்தம் போட்டது. மாடு கத்துவதும் இரும்பை இழுப்பதும் சேர்ந்த மாதிரி. பின்னங்கால்கள் இரண்டு தடவை மடிந்தன. பிறகு எழுந்து, மூங்கில் மாதிரி அடர்ந்த ஈற்றைக்காட்டுக்குள் போய்விட்டது. அது நின்ற இடத்தில் புல்லெல்லாம் ரத்தம், அதோடு பச்சையாய் இரைப்பையில் கிடந்ததும் ஒழுகிக் கிடந்தது. வயிற்றில் பட்ட மிளா உடனே சாகாது. நாள் முழுக்கச் சாகும்.

மற்றவர்கள் வந்து சேருமுன் நான் அங்கேயே நின்று மறுபடி மருந்தளந்து இட்டு, தேங்காய்த் தும்பு வைத்து இடித்து, குண்டு போட்டு, மேலும் தும்பு வைத்து, ஈர்க்கும் செருகினேன். அது வரை ஒழுங்கு.

வயிற்றில் பட்டதை உடனே துரத்தக் கூடாது. ஒரு இடத்தில் படுத்து உடம்பு விறைக்கட்டும் என்று விடவேண்டும். அதனால் அண்ணாச்சி நாய்களைக் கயிற்றில் கட்டச் சொல்லி, ஓடைக்கரைப் பாறையில் கஞ்சிக்கு உட்காரச் சொன்னார். உட்கார்ந்ததிலிருந்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்பிள, மிளாவுக்கு வயித்து வலின்னு அது உமக்கிட்ட வந்து சொல்லிச்சா? இல்ல, நீரே பாத்து மருந்து குடுத்தீரா?"

எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். எனக்கு அது பொறுக்கவில்லை. மற்றவர்கள் சிரித்தது கூடப் போகட்டும், மச்சினனும் சிரிப்பதா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன்.

கஞ்சி குடிக்கப் பிலாவிலை மடக்கினோம். இலையைக் கூம்பாக மடக்கி ஈர்க்கு குத்திக் கரண்டியாக்கினால்தான் கஞ்சி கோரலாம். மற்றவர்கள் மடியிலிருந்து ஈர்க்கு எடுத்தார்கள். நான் கொண்டு வந்திருந்த ஈர்க்கு ஓடையைத் தாண்டும்போது எங்கோ விழுந்துவிட்டது. யாரிடமாவது கேட்டால் கிடைத்திருக்கும். அண்ணாச்சியிடம் கேட்டால் அதற்கும் ஒன்று சொல்லுவார். மாமாவிடம் கேட்க மனசில்லை. என் பக்கத்தில் பாறையில் துப்பாக்கி சாய்ந்திருந்தது. அதன் கேப்பு முனையில் செருகியிருந்த ஈர்க்கை உருவி, என் இலையில் குத்திக் கஞ்சி குடித்தேன்.

குடித்து முடிந்ததும் திரும்பச் செருகலாம் என்றுதான் நினைத்தேன். அது சத்தியம். ஆனால் குடித்து முடிந்ததும் எழுந்து, சட்டியைக் கழுவுகிறேன் என்று ஓடையில் இறங்கிவிட்டேன். அடுத்த வெடி மாமாவுக்கு என்பதால் துப்பாக்கியை அவர் பக்கம் சாய்த்து வைத்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. முகத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவன் மருந்து கிடக்கிறது என்று எப்படிச் சொல்லுவான்? நீங்கள் இப்போது நான் சட்டியோடு கஞ்சி குடித்து மீசையெல்லாம் நனைத்துக்கொள்வதைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். அன்றைக்குப் பிறகு நான் பிலாவிலை மடக்கவில்லை.

நான் கீழே சட்டி கழுவுகையில் நாயொன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஈற்றைக்காட்டுக்குள் பாய்ந்தது. உள்ளே மிளா எழுந்த சத்தம் கேட்டது. அண்ணாச்சி மற்ற நாய்களையும் அவிழ்த்துவிட்டார். மாமா துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, மிளா வெளியே வரும் வழியில் ஒரு வேங்கை மரத்தடிக்கு ஓடினார். ஓடிப் போய் முதலில் என்ன பார்த்தார் தெரியுமா? ஈர்க்கு. இல்லை. காலையில் என் வெடிச் சத்தம் கேட்டிருக்கிறார். நான் சுட்டபின் மருந்து இடவில்லை என்று எடுத்துக்கொண்டார். எந்தத் துப்பாக்கிக்காரனும் அப்படித்தான் எடுப்பான். மூங்கில் குழலளவு மருந்து அளந்து இட்டு, தும்பு, குண்டு, தும்பு, இடி. கேப்பு வைத்து நிமிர்ந்தார். முன்னால் மிளா வந்து நின்றது.

நான் கீழேயிருந்து கேட்டது துப்பாக்கிச் சத்தம் இல்லை. பாறைக்கு வெடி வைத்தால் வருமே, அந்தச் சத்தம். காடு முழுக்க ஒரு கணம் பறவைச் சத்தம் நின்றுவிட்டது. கையிலிருந்த சட்டியைப் போட்டுவிட்டு ஏறினேன்.

புகைக்குள் முதலில் மிளாதான் தெரிந்தது. இரண்டு குண்டும் முன்னங்கால் பக்கம் பட்டு எலும்பு வெளியே வந்திருந்தது. அது எழுந்திருக்கப் பார்க்கும், விழும். நாய்கள் காலையில் நான் கிழித்த வயிற்றுக்குள் தலையைவிட்டு இழுத்துக்கொண்டிருந்தன. மிளா தலையைத் திருப்பித் தன் வயிற்றையே பார்த்தது. அண்ணாச்சி வந்து கொம்பைப் பிடித்து முழங்காலால் அமுக்கிக் கழுத்தறுத்தார். ரத்தம் அவர் முகம் வரைக்கும் பீறியது.

மாமா மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் மருந்துக் கரியால் கறுத்து, புருவம் தீய்ந்து போயிருந்தது. துப்பாக்கியின் அடிப்பாகம் வாழைப்பூ மடல் விரிந்த மாதிரி பிளந்து கிடந்தது. அவர் தன் இடது கையை வலது கையில் ஏந்தி, வேறு யாருடையதையோ பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு விரல் தோலில் தொங்கியது. உள்ளங்கை இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் ஒழுங்காக இல்லை. பெருவிரல் ஒரு முழம் தள்ளி சருகின் மேல் கிடந்தது. ஒரு நாய் அதை மோந்து பார்த்தது. நான் அந்த நாயை உதைத்தேன். விரலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். திரும்ப ஒட்டவைக்கலாம் என்று நினைத்தேனா, என்ன நினைத்தேன் என்று எனக்கே தெரியாது. சாயங்காலம் ஆஸ்பத்திரியில் டாக்டர் முன்னால்தான் அதை வெளியே எடுத்தேன்.

என் தலைத்துண்டைக் கிழித்து முழங்கைக்குக் கீழே கட்டி, கத்திப் பிடியைச் செருகி முறுக்கினேன். ஒவ்வொரு முறுக்குக்கும் மாமா பல்லைக் கடித்தார். அழவில்லை. அவர் சொன்னது ஒன்றுதான்.

"ஈர்க்கு இல்ல அத்தான். நான் நல்லா பாத்தேன். ஈர்க்கு இல்ல."

அண்ணாச்சி பிளந்த துப்பாக்கியைக் காலால் புரட்டிப் பார்த்தார். இவன் மருந்துக்கு மேல் மருந்து இட்டிருக்கிறான், கிடா வருகிற பரபரப்பில் ஈர்க்கு கண்ணில் படவில்லை, கேப்பு வைக்கும்போது தட்டி எறிந்திருப்பான் என்றார். மாமா என் முகத்தைப் பார்த்து மறுபடி ஈர்க்கு இல்லை என்றார். நான் முறுக்கைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்துகொண்டேன்.

அப்போது சொல்லியிருக்கலாம். சாகக் கிடக்கிறவனிடம் இப்போது எதற்கு என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்தேன்.

போர்வையைக் கம்பில் கட்டித் தொட்டிலாக்கி அவரைத் தூக்கினோம். சாமான்களை எடுத்துவர நான் ஒரு நிமிஷம் பாறைக்குத் திரும்பினேன். என் பிலாவிலை அங்கேயே கிடந்தது, ஈர்க்கு குத்தியபடி. ஓடையில் எறிந்தேன். அது சுழன்று ஒரு கல்லில் மாட்டிக்கொண்டு நின்றது. இறங்கிப் போய்க் காலால் தள்ளிவிட்டேன். மக்களே, கை போனது என் மறதியால். காலால் தள்ளினது மறதியால் இல்லை.

மலை இறங்க இறங்க மழை பிடித்துக்கொண்டது. வழுக்கி இரண்டு தடவை அவரைக் கீழே போட்டோம். அடிவாரத்தில் ஒரு வில்வண்டி கிடைத்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது வண்டிக்குள் வைக்கோல் சிவந்து ஒட்டிப் போயிருந்தது. டாக்டர் கையைப் பார்த்துவிட்டு, மணிக்கட்டோடு எடுத்தால்தான் ஆள் மிஞ்சுவான் என்றார். எடுத்தார். நாலாம் நாள் காய்ச்சல் வந்து மாமா ஆள் தெரியாமல் உளறினார். அந்த உளறலிலும் ஈர்க்கைத்தான் தேடினார். நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பிழைத்துவிட்டார்.

முதலில் சுட்டவனுக்குத் தலை என்பது எங்கள் வழக்கம். அதனால் அந்தக் கிடாவின் கொம்பை அண்ணாச்சி என் வீட்டுக்கு அனுப்பினார். நீங்கள் பள்ளிக்கூடப் பை தொங்கவிடுகிறீர்களே, அதுதான். உங்கள் அம்மா பலமுறை அதை எரிக்கப் பார்த்தாள். மாமாதான் வேண்டாம் என்றார்.

கை போனவனுக்குப் பனை போயிற்று. அதை ஊரில் எல்லாரும் ஐயோ என்றார்கள். ஆனால் ஒரு மாதத்துக்குள் ரெட்டமருந்து என்ற பேர் வந்துவிட்டது. அண்ணாச்சி வைத்ததுதான். சந்தையில், சபை முற்றத்தில், கிணற்றடியில், எங்கேயும் அதே பேர். யாராவது உப்பை இரண்டு தடவை போட்டால்கூட, நீ என்ன ரெட்டமருந்தா என்பார்கள். மாமாவுக்குப் பக்கத்து ஊரில் பெண் பேசி, தை மாதம் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. பெண்ணின் தகப்பனார் மார்கழியில் வந்தார். கை போனதற்காக நான் சொல் மாறமாட்டேன், அது கர்த்தர் விட்ட வழி, ஆனால் இட்ட மருந்துக்கு மேல் மருந்து இடுகிறவன் ஒரு குடும்பத்தை எப்படிப் பார்ப்பான் என்று கேட்டார். தைக் கல்யாணம் நின்றது. மாமாவுக்கே தன் மேல் நம்பிக்கை போய்விட்டது. ஈர்க்கு இருந்திருக்கும், நான்தான் பார்க்கவில்லை என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். கதவு தாழிட்டோமா என்று இரவில் மூன்று தடவை எழுந்து பார்ப்பார். நாற்பது பனையைக் கண்ணை மூடிக்கொண்டு ஏறியவர்.

நான் அந்தப் பெண்ணின் தகப்பனாருக்கு மோர் கொடுத்து வழியனுப்பினேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. உங்கள் அம்மா தன் தம்பிக்காக அழுவதைப் பார்த்துக்கொண்டு அதே வீட்டில் சாப்பிட்டேன். அவளுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதுதான் என் பயமெல்லாம்.

மறு ஐப்பசி வந்தது. என்னிடம் துப்பாக்கி இல்லை. அண்ணாச்சி வேறு துப்பாக்கி வாங்கியிருந்தார். மாமாவைக் காடு கலைக்க அழைத்தார்கள், நானும் போனேன். அதே வெயில், அதே வெள்ளிப் புல். மாமா கூவுகிற சத்தம் மலையில் முட்டித் திரும்புவதைக் கேட்டபோது, அந்த ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அவர் நெஞ்சு விரிந்து சத்தம் போடுகிறார் என்று தோன்றியது. அண்ணாச்சி ஒரு மிளாவை ஒரே வெடியில் வீழ்த்தினார். கழுத்தில் பட்டு, நாலு அடி ஓடி, மூக்கிலும் வாயிலும் ரத்தம் கொப்பளித்து விழுந்தது. தோலுரித்துத் தேக்கிலை பரத்திக் கூறு போட்டார்கள்.

கூறு போடுவதில் ஒரு வழக்கம். இறைச்சியைக் குவியல் குவியலாக வைத்தபின், ஒருத்தன் முதுகைக் காட்டித் திரும்பி நிற்கவேண்டும். இன்னொருத்தன் ஒவ்வொரு குவியலாகத் தொட்டு இது யாருக்கு என்று கேட்பான். திரும்பி நிற்கிறவன் பார்க்காமல் ஒரு பேர் சொல்லவேண்டும். கள்ளத்தனம் வராது. அன்றைக்குத் திரும்பி நிற்க என்னைச் சொன்னார்கள். நான் காட்டைப் பார்த்து நின்றேன். அண்ணாச்சி தொட்டுக் கேட்டுக்கொண்டு வந்தார். மூன்று பேருக்குச் சொன்னேன்.

"இது யாருக்கு?"

மாமாவின் பேரைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பின்னால் ஒருத்தன் ரெட்டமருந்துக்கு ரெட்டைக் கூறு வையுங்கள் என்றான். சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பில் மாமாவின் சிரிப்பும் கேட்டது. தன்னைப் பற்றிய கேலிக்குத் தானே சிரிக்கப் பழகியிருந்தார். எனக்கு அது மிளா வயிற்றில் பட்ட போது போட்ட சத்தத்தை விட மோசமாகக் கேட்டது.

எதிரே மரமும் மலையும்தான் நின்றன, ஆள் முகம் இல்லை. அதனால்தான் எனக்கு வாய் வந்தது. அன்றைக்கு மருந்து இட்டது நான், ஈர்க்கு செருகினதும் நான், கஞ்சி குடிக்க அந்த ஈர்க்கை உருவினதும் நான், இலையை ஓடையில் விட்டதும் நான், அவன் பார்த்தபோது ஈர்க்கு இல்லை, அவன் சொன்னது சரி என்று மரங்களைப் பார்த்துச் சொன்னேன்.  பின்னால் சருகு மிதிபடுகிற சத்தம் நெருங்கி வந்தது. திரும்பினேன்.

முதல் அடி கன்னத்தில். கை விரித்து அடித்தார். பனை ஏறின கை. இரண்டாவது கை மடக்கி வாயில். நான் மிளாவின் குடல் கிடந்த இடத்தில் மல்லாந்து விழுந்தேன். முன்பல் ஒன்று நாக்கின் மேல் கிடந்தது. கிணற்றுத் துலா அடித்துப் பல் போயிற்று என்று உங்களிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். மாமா என் மேல் குனிந்து இடது கையின் மொட்டையை என் கண்ணுக்கு நேரே பிடித்தார். அண்ணாச்சி விலக்க வந்தார், அவரையும் ஒரு தள்ளு தள்ளினார். அது வரை என்னை அத்தான், நீங்க என்று தவிர வேறு மாதிரிப் பேசினவரில்லை.

"ஒரு வருசமாட்டு நான் எனக்க கண்ணையே நம்பாம கெடந்தேன். நீ பக்கத்துல இருந்து கஞ்சி குடிச்சியா?"

நான் எழுந்திருக்கவில்லை. இன்னும் அடிப்பார் என்று காத்துக் கிடந்தேன். அடிக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். பிறகு தன் கூறைத் தேக்கிலையோடு சுருட்டிக் கட்டச் சொன்னார். ஒற்றைக் கையால் கட்ட முடியாது. என்னைப் பார்த்து, "எடு. நட" என்றார்.

எங்கே என்று கேட்கவில்லை. தெரியும். மலையிறங்கி, வயல் வரப்பு வழியாக மூன்று மைல். நான் இறைச்சியைச் சுமந்து முன்னால், அவர் பின்னால். வாயிலிருந்து வடிந்த ரத்தமும் இறைச்சி ரத்தமும் சேர்ந்து என் சட்டை நனைந்தது. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். அந்தப் பெண்ணின் தகப்பனார் முற்றத்தில் நெல் காயப்போட்டிருந்தார். வீங்கின வாயோடு, மரங்களிடம் சொன்னதை அவரிடம் மறுபடியும் சொன்னேன். மனுஷன் முகத்தைப் பார்த்துச் சொல்லுவது அதுதான் முதல் தடவை.

அவர் நெல்லைக் காலால் துழாவினார். "இத ஆடி மாசம் வந்து சொல்லியிருந்தாலும் போதுமாயிருந்து" என்றார். ஆவணியில் அந்தப் பெண்ணை மணவாளக்குறிச்சிப் பக்கம் மணல் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒருவருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

 கொண்டு வந்த இறைச்சியைத் திருப்பி எடுத்துப் போகக் கூடாது, வைத்துக்கொள்ளுங்கள் என்று மாமா அவரிடம் சொன்னார். நான் தேக்கிலைக் கட்டை அவர்கள் முற்றத்தில் வைத்தேன். திரும்பி நடந்தோம். பாதி வழியில் மழை பிடித்தது. ஒதுங்கவில்லை. வீடு நெருங்கும்போதுதான் மாமா பேசினார்.

"அக்காட்ட நீங்களே சொல்லணும் அத்தான். நான் சொல்ல மாட்டேன்."

மறுபடி நீங்க, அத்தான். அந்த இரண்டு வார்த்தையில்தான் நான் அழுதேன். அன்று இரவே உங்கள் அம்மாவிடம் சொன்னேன்.  கிறிஸ்துமஸ் கழியும் வரை அவள் என்னிடம் பேசவில்லை. சோறு வைப்பாள், தட்டைத் தள்ளுவாள், அவ்வளவுதான். அவள் தம்பி வந்து, போதும் அக்கா என்று சொன்ன பிறகுதான் பேசினாள்.

நான் சபையிலும் சொன்னேன், சந்தையிலும் சொன்னேன். கேட்டுவிட்டு, அப்படியா சங்கதி என்றார்கள். ஆனால் பேர் போகவில்லை. ஈர்க்கை உருவினவன் என்று எனக்கொரு பேர் வைக்கக்கூடாதா என்று அண்ணாச்சியிடமே கேட்டேன். பழைய பேர் வாய்க்குச் சுளுவாக வருகிறது மாப்பிள என்றார். அவரும் செத்துப்போனார், பேர் சாகவில்லை. அந்தப் பேரை இப்போது கூப்பிடுகிற பிள்ளைகள் அன்றைக்குப் பிறக்கவே இல்லை.

ஐப்பசியில் நாங்கள் இரண்டு பேரும் இன்னும் மலைக்குப் போகிறோம். காடு கலைக்க மட்டும். துப்பாக்கி தொடுவதில்லை. மாமா கூவினால் இன்னும் மலை பதில் சொல்லும். இனி யாராவது உங்களை அப்படிக் கூப்பிட்டால் அழவேண்டாம், அடிக்கவும் வேண்டாம். ஈர்க்கை உருவினது எங்கள் அப்பா, மாமா பார்த்தது சரி என்று சொல்லுங்கள்.

இவ்வளவையும் எழுதி, நேற்று மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். விறகின் மேல் உட்கார்ந்து முழுக்கக் கேட்டார். பல் போன இடம் வந்தபோது மட்டும் சிரித்தார். முடிந்ததும், ஒரு காரியம் விட்டுப் போயிற்று என்றார். மருந்து ஏற்கெனவே கிடக்கிற குழலில் இடிகம்பியை இறக்கினால் அது வழக்கத்தை விட நாலு விரல் வெளியே நிற்கும். அவர் கண் மிளா வருகிற வழியில் இருந்தது, கம்பியைப் பார்க்கவில்லை.

"கம்பி நீட்டிக்கிட்டு நின்னத நான் பாக்கல்ல. பாத்திருக்கணும். அதையும் எழுதுங்க அத்தான்."

எழுதிவிட்டேன்.